ரைட் ஹாஃப் வராத நாட்கள்

1. தொப்பி போன முதல் நாள்

நான் பிசிகல் டைரக்டராக வேலைக்குச் சேர்ந்த அன்றே என் தொப்பியைக் காற்று கொண்டுபோய்விட்டது. எழுபதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிய ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். மைதானத்தின் கிழக்குப் பக்கத்தில் மரமும் கிடையாது, மதிலும் கிடையாது. கணவாய் வழியாக வருகிற காற்று நேராக எங்கள் பெனால்டி ஏரியாவில்தான் வந்து இறங்கும். தொப்பி எதிர் கோல் போஸ்டுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கத்து வயலில் போய் விழுந்தது. பையன்கள் "கோலு!" என்று கத்தினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தாலும், இவர்களோடு காலம் தள்ளலாம் என்று அப்போதே தோன்றிவிட்டது.

நான் மலைக்காரன். சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டத்தில் பிறந்து, குமுளியில் படித்து, எஸ்டேட் டீமில் வெறுங்காலோடு பந்து உதைத்தவன். பிறகு பிசிகல் எஜுகேஷன் படித்துவிட்டு இந்தச் சமவெளிக்கு வந்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பந்து விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த வருஷத்து விஷயம் ஒன்றுதான் விதிவிலக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதை எழுதுகிறேன்.

டீம் நல்ல டீம். சென்டர் ஃபார்வர்டு தண்டபாணி. ஊரில் பெரிய பண்ணையக்காரரின் மகன், ஆறடி உயரம், தலையால் முட்டினால் பந்து வலையைக் கிழித்துக்கொண்டு போகும். அவன் தலை சீவுவதைப் பார்க்கவே பெண்கள் ஹாஸ்டல் ஜன்னலில் கூட்டம் நிற்கும் என்பது அவனே சொன்ன தகவல். கோல் கீப்பர் ஜோஸ். ஒல்லி, ஆனால் கை மட்டும் யாரோ வேறு ஆளுடையது மாதிரி நீளம். ரைட் ஹாஃப், அதாவது நடுவரிசையில் வலப் பக்கம் காக்கிறவன், வேலுச்சாமி. இவனைப் பற்றி என் முதல் மாத நோட்டுப் புத்தகத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: "சுமார். அடிக்கடி ஆப்சென்ட்."

2. ஒரு பேராக்கும் எழுதுவேன்

எங்கள் பிரின்சிபால் கணித ஆசிரியர். பாலக்காட்டு டவுனில் கோயில் தெருவில் பரம்பரையாக இருக்கிற குடும்பம். கோபப்பட மாட்டார். கணக்குத்தான் சொல்வார். கோபமே தேவலை என்று இருக்கும்.

ஜனவரியில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் யுனிவர்சிட்டி ஃபாரம் இருந்தது. ஸோன் ஃபைனலுக்குப் போகிற டீமின் பெயர்களை அதில் எழுத வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து ஹாஜர் இல்லாதவன் ஆடக்கூடாது. பிரின்சிபால் சிறப்புச் சிபாரிசு எழுதினால் மட்டும் ஆடலாம். அதே சிபாரிசை வைத்து அவன் பரீட்சையும் எழுதிக்கொள்ளலாம்.

"உம்ம டீமில மூணு பேருக்கு ஹாஜர் போறாது. தண்டபாணி, ஜோஸ், வேலுச்சாமி."

"மூணு பேருக்கும் எழுதிக் குடுங்க சார். ஃபைனல் வருது."

"ஓய், ஒரு பேராக்கும் நான் எழுதுவேன். போன வருஷம் ஆறு பேருக்கு எழுதினேன். ஆறு பேரும் பரீட்சையில தோத்தா. இந்த வருஷம் ஒண்ணு. எவன் இல்லாட்டா டீமே இல்லையோ, அவன் பேரை நீரே எழுதிக் கொண்டு வாரும். வெள்ளிக்கிழமை வரை டைம்."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவாளுக்கு ஃபைனலும் இல்லை. கடைசி வரை ஹாஜர் தேறாட்டா, பரீட்சையும் இல்லை. வருஷம் போயாச்சு. மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. மூவரும் கடைசி வருஷ டிகிரிப் பையன்கள்.

3. ஊர் கூடிப் பேசினது

ரகசியமாக வைத்திருந்தேன். மறுநாள் காலையில் காலேஜ் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த ரங்கசாமி, கண்ணாடி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க மாஸ்டர், யாரைக் கழட்டி உடப் போறீங்க?"

அந்த வாரம் முழுவதும் வேறு பேச்சே இல்லை. ஸ்டாஃப் ரூமில் கெமிஸ்ட்ரிக்காரர் கோல் கீப்பர் கட்சி. "கோலடிக்கலேன்னா டிரா ஆகும், விட்டா தோல்வி, அவ்வளவுதான் கணக்கு" என்று பிளாக்போர்டில் எழுதாத குறையாக விளக்கினார். ஹிஸ்டரிக்காரர் தண்டபாணி கட்சி. கடைசியில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு வேறு வேறு மேஜைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

டீக்கடையில் ரங்கசாமி ஒரே போடாகப் போட்டார். "தண்டபாணி இல்லாட்டி என்னத்துக்குங்க டீமு? மத்தவனெல்லாம் பந்தை ஒதைக்கறான். அவன் ஒருத்தன்தானுங்க கோலுக்குள்ள ஒதைக்கறான்."

வேலுச்சாமியின் பெயரை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. ஒரு தடவை தண்டபாணியிடம் சும்மா கேட்டேன்: "ஏம்ப்பா, வேலு எப்படி?" அவன் கொஞ்சம் தயங்கினான். "வேலு நல்லவனுங்க சார்" என்றான். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் குணத்தைப் பற்றிச் சொல்கிறானே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

வெறும் வாய்ப்பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சோதித்துப் பார்க்க வேண்டும். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். மாலையில் ஃபர்ஸ்ட் லெவனுக்கும் செகண்ட் லெவனுக்கும் முப்பது நிமிஷ ஆட்டம். ஒரு நாளைக்கு ஒருத்தனை வெளியே உட்கார வைப்பது.

திங்கட்கிழமை தண்டபாணி உட்கார்ந்தான். ஃபர்ஸ்ட் லெவன் ஒரு கோல்கூடப் போடவில்லை. வாங்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஜோஸ் உட்கார்ந்தான். இரண்டு வாங்கினோம், மூன்று போட்டோம். புதன்கிழமை வேலுச்சாமியை உட்கார வைக்கலாம் என்று போனால், ஆள் வரவே இல்லை. "சோதிக்கிறதுக்குக்கூட வரமாட்டான், இவனுக்கு ஒரு சிபாரிசு" என்று சொல்லிக்கொண்டே அவன் பெயரை அடித்தேன். அன்றைக்கு ஃபர்ஸ்ட் லெவன் ஒன்றுக்கு நான்கு என்று செகண்ட் லெவனிடம் தோற்றது. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினேன். நோட்டில் எழுதினேன்: "காத்து அதிகம்."

வியாழக்கிழமை ஜோஸின் அம்மா சர்க்கார் ஆஸ்பத்திரி மெடிக்கல் சர்டிபிகேட்டோடு வந்தார். நவம்பரில் பையனுக்கு டைஃபாய்டு. அது தனி விதி. பிரின்சிபால் பார்த்துவிட்டு ஜோஸை லிஸ்டிலிருந்து விடுவித்தார். இனி யோசிக்க என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகத் தண்டபாணியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். பெரிய காரியத்தை முடித்த திருப்தியோடு டீக்கடையில் இரண்டு வடை தின்றேன்.

4. பூட்ஸ்

அன்று மத்தியானம் வேலுச்சாமி ஸ்டோர் ரூம் வாசலில் வந்து நின்றான். கையில் காலேஜ் பூட்ஸ். துடைத்து, எண்ணெய் போட்டு, லேஸைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். எங்கள் ஸ்டோருக்குப் பூட்ஸ் அந்த நிலையில் திரும்பி வந்ததே இல்லை. பாதிப் பேர் சேறோடு வீசிவிட்டுப் போவார்கள்.

"சார், இதைக் குடுத்தறட்டுங்களா?"

"ஏம்ப்பா, பிராக்டிஸுக்கு வரலாமே?"

"இல்லீங்க சார். பரீட்சையே இல்லைன்னா காலேஜுக்கு வந்து என்ன பண்றதுங்க? அப்பனுக்கு ஒரு கையும் காலும் வராதுங்க. இன்னொரு வருசமெல்லாம் ஊட்ல தாங்காது."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் காலேஜுக்கு ஒழுங்காக வந்திருந்தால் இந்த நிலைமை வருமா என்று மனசுக்குள் அவனையே திட்டி என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிறு போக அடுத்த மூன்று நாள் பிராக்டிஸை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. தண்டபாணி இருக்கிறான், ஜோஸ் இருக்கிறான், பந்து மட்டும் எங்களிடம் இல்லை. ரைட் விங் ஏறினால் பின்னால் வெறும் வயல்வெளி. ஸ்டாப்பர் பேக் இந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் திறந்து கிடந்தது. தண்டபாணிக்கு அரைமணி நேரத்தில் நான்கு முறைதான் பந்து போயிற்று. செகண்ட் லெவன் பையன்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது நாளும் நோட்டில் "காத்து" என்று எழுதப் போனேன். பேனாவை வைத்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்குக் காற்றே இல்லை. கொடிக் கம்பத்தில் கொடி தொங்கிக்கொண்டிருந்தது.

நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினேன். "காத்து அதிகம்" என்று எழுதியிருந்த நாட்களை மட்டும் ஒரு தாளில் எடுத்து எழுதினேன். பிராக்டிஸ் ரிஜிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அந்த ரிஜிஸ்டர் என் சொந்த ஏற்பாடு. தினமும் நாலரை மணிக்குக் கிரவுண்டில் நின்றுகொண்டே பெயர் கூப்பிட்டு, வந்தவனுக்கு பி, வராதவனுக்கு ஏ என்று போடுவேன். நான் காற்றைக் குறை சொன்ன ஒவ்வொரு நாளும் வேலுச்சாமியின் பெயருக்கு நேரே 'ஏ' இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த 'ஏ'க்கள் இரண்டிரண்டாக இருந்தன. ஐந்து நாளைக்கு ஒரு தடவை, அடுத்தடுத்து இரண்டு நாள்.

சோதனை நடந்திருக்கிறது. நான்தான் விடையைப் படிக்கவில்லை. தண்டபாணி இல்லாத திங்கட்கிழமை நாங்கள் ஏன் கோல் வாங்கவில்லை? ஜோஸ் இல்லாத செவ்வாய்க்கிழமை இரண்டோடு ஏன் நின்றது? நினைவுபடுத்திப் பார்த்தால் இரண்டு நாளும் ஒரே ஆள்தான் அங்குமிங்கும் நின்றிருக்கிறான். ஸ்டோர் ரூமில் தனியாக உட்கார்ந்துகொண்டு எனக்கு வெட்கமாக இருந்தது.

5. ரெண்டு நாளா எங்கிட்டுப் போன?

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலுச்சாமி வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, முன்னால் வைக்கோல் போர். உள்ளே கட்டிலில் அவன் அப்பா படுத்திருந்தார். வாசலில் நின்றே கேட்டேன்.

"வேலு, அஞ்சு நாளைக்கு ஒருக்கா ரெண்டு நாள் வரமாட்டேங்கிற. எங்கிட்டுப் போற?"

"தண்ணி மொறைங்க சார்."

எனக்குப் புரியவில்லை. எங்கள் மலையில் தண்ணீரை யாரும் காவல் காப்பதில்லை. மேலே இருந்து விழும், போதும் போதும் என்றாலும் விழும். இங்கே அப்படி இல்லை. கால்வாயிலிருந்து கிளை வாய்க்காலில் வருகிற தண்ணீரை வயல்காரர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து நாளில் ஒரு பகல். காலை ஆறு மணிக்கு மடையைத் திறந்தால் மாலை ஆறு மணி வரை அவர்கள் தண்ணீர். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் வீட்டு ஆள் ஒருத்தர் மண்வெட்டியோடு வரப்பில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் மேலே எவனாவது வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிவிடுவான். கூலி ஆளை நிறுத்தினால் மிரட்டியே அனுப்பிவிடுவார்கள். கதிர் வருகிற சமயத்தில் ஒரு முறை தப்பினால் விளைச்சல் போச்சு. இத்தனையும் அவன் சொல்லச் சொல்லத்தான் எனக்குத் தெரிந்தது.

"சரி, ஒரு பகல்தானே? ரெண்டு நாள் எதுக்கு?"

அவன் காலால் தரையைக் கீறினான். "கொஞ்சம் வேலைங்க சார்" என்றான்.

கிளம்பும்போது ஆட்டத்தைப் பற்றி ஒன்று கேட்டேன். "பந்து வர்ற எடத்துக்கு முன்னாடியே எப்படிப் போயி நிக்கிற?"

"எங்க ஒடையும்னு பாத்துட்டே இருப்பனுங்க. வரப்பு ஒடையறதுக்கு முன்னால தண்ணி அங்க சுத்துமுங்க. அதே மாதிரிதானுங்க சார், ஆளுங்க அங்கயே சுத்துவாங்க."

நான் படித்த எந்தக் கோச்சிங் புத்தகத்திலும் இது இல்லை.

நேரே பிரின்சிபாலிடம் போனேன். பெயரை மாற்ற வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீரே எழுதினீர். இப்போ நீரே மாத்தச் சொல்றீர்."

"தப்பாப் போச்சு சார்."

"அதை ஒத்துக்கறீரே, அது நன்னாயிருக்கு." ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். "தண்டபாணிக்கு எட்டு நாளாக்கும் குறையறது. இனிமேல் ஒரு பீரியட் விடாமல் க்ளாஸில உட்கார்ந்தால் பரீட்சைக்குள்ள தேறிடுவான். ஃபைனல் மட்டும் ஆட முடியாது. வேலுச்சாமிக்கு என்ன பண்ணினாலும் தேறாது. சிபாரிசு இல்லேன்னா வருஷம் போச்சு."

"அப்ப வேலுச்சாமிக்கு எழுதுங்க சார்."

"ஒருத்தன் பேரை எழுதிட்டு, அவன் சம்மதம் இல்லாம வெட்டப்படாது. தண்டபாணி தன் கைப்பட எழுதித் தரட்டும். நாளைக்கு சாயங்காலம் ஃபாரம் தபாலுக்குப் போயாகணும்."

6. கவுண்டர் ரிஜிஸ்டர் பார்த்தது

தண்டபாணி எழுதித் தரவில்லை. "ஃபைனல் ஆடறதுக்குத்தானுங்க சார் மூணு வருசமா ஒதைச்சிட்டு இருக்கறேன்" என்றான். நியாயமான பேச்சு. நான் கட்டாயப்படுத்தவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு அவன் அப்பா, ஊரே கவுண்டர் என்று கூப்பிடுகிறவர், ஸ்டோர் ரூமுக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். மகன் அவருக்குப் பின்னால்.

"ஏனுங்க மாஸ்டர், எம்பையன் பேர வெட்டப் போறீங்களாமா?"

"உக்காருங்க ஐயா. வெட்டல. அவன் விருப்பத்தைக் கேட்டேன்."

"அவன் என்ன ஊரு சுத்தியா ஹாஜரைக் கெடுத்தான்? தண்ணி கட்டப் போனானுங்க. எனக்கு முட்டி வலி, மூத்தவன் கோயமுத்தூர் மில்லுல. எங்க மொறையன்னிக்கு இவன்தானுங்க காலைல ஆறு மணிக்கு மம்முட்டியத் தூக்கீட்டுப் போவான். பொழுது எறங்கித்தான் ஊட்டுக்கு வருவான். வெவசாயம் பண்றவன் புள்ளைக்கு இது குத்தமுங்களா?"

எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் மரியாதைதான் வந்தது. இரண்டு பையன்களும் தண்ணீருக்காகவே ஹாஜரை விட்டிருக்கிறார்கள் என்றால், நான் யாரை வெட்டச் சொல்வது? சும்மா கேட்டேன்.

"உங்க முறை என்னைக்குங்க வரும்?"

"அஞ்சு நாளைக்கு ஒருக்கா. எங்க மொறை மொத நாளு, நம்ம வேலு ஊட்டு மொறை மறுநாளு. பக்கத்துப் பக்கத்து வயலுங்க."

மொத நாளு, மறுநாளு. ரிஜிஸ்டர் மேஜைமேல்தான் இருந்தது. திறந்தேன். வேலுச்சாமியின் இரட்டை 'ஏ'க்களில் முதல் 'ஏ'யை விரலால் தொட்டுக்கொண்டே மேலே போனேன். தண்டபாணியின் பெயருக்கு நேரே 'பி'. அதற்கு முந்தைய முறையிலும் 'பி'. அதற்கு முந்தையதிலும். சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறினேன். பிறகு ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"ஐயா, உங்க முறை நாள்ல எல்லாம் இவன் நாலரை மணிக்கு கிரவுண்டுல இருந்திருக்கான்."

"இது யாரு எழுதினதுங்க?"

"நான்தான். அவனைக் கண்ணால பாத்துட்டு எழுதினது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்.

"தண்டபாணி, இங்க வா. போன மொறையன்னிக்கு எங்க இருந்த?"

"கோயமுத்தூருங்கப்பா. மார்னிங் ஷோ."

"அதுக்கு முந்தின மொறை?"

"மார்னிங் ஷோதானுங்க."

"அப்பொ நம்ம வயல்ல தண்ணி பாஞ்சுதேடா? ஒரு மொறைகூடத் தப்பலையே. யாரு கட்டினது?"

"வேலுங்கப்பா. நீ எப்படியும் நாளைக்கு அங்கதான நிக்கப் போற, இன்னைக்கும் சேத்து நின்னுக்கன்னு சொன்னனுங்க. ரெண்டு மொறைக்குத்தான்னு சொன்னேன். அப்பறம் அப்படியே பழகிப் போச்சு."

முறை நாள் போதாதென்று வேறு நாட்களிலும் க்ளாஸை விட்டுச் சினிமாவுக்குப் போயிருக்கிறான். படம் முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து பிராக்டிஸுக்குச் சரியாக வந்துவிடுவான். என்னிடம் நேரம் தவறாத பையன் என்று நல்ல பெயரும் வாங்கியிருந்தான். வேலுச்சாமி தன் வீட்டுக்காக மட்டும் போயிருந்தால் ஹாஜர் எண்பதுக்கு மேலே நின்றிருக்கும். அவன் வருஷத்தைத் தின்றது அந்த இன்னொரு நாள்தான்.

கவுண்டர் கை ஓங்குவார் என்று நான் எழுந்து நின்றேன். அவர் ஓங்கவில்லை. மகனைப் பார்க்கவும் இல்லை. "நம்ம நெல்லுக்கு அந்தப் பையன் நின்னானா?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். பிறகு, "வாரனுங்க மாஸ்டர். எழுதறதும் எழுதாததும் அவன் பாடு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

தண்டபாணி நின்றுகொண்டே இருந்தான். ஆறடிப் பையன், காது மடல் சிவந்து, சின்னவனாகத் தெரிந்தான்.

"சார், வேலு உங்ககிட்டச் சொன்னானுங்களா?"

"ரெண்டு நாள் எதுக்குன்னு கேட்டேன். சொல்லல."

"அவன் சொல்ல மாட்டானுங்க" என்றான். மேஜையில் இருந்த வெள்ளைத்தாளை அவனே எடுத்தான். நான்கு வரி எழுதுவதற்குள் இரண்டு இடத்தில் அடித்தான். அதை வாங்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தில் இன்னொரு தொப்பி போயிருக்கும், நல்லவேளை போட்டிருக்கவில்லை. ஃபாரம் அன்றைய தபாலில் போயிற்று. மாலையில் பூட்ஸை நானே எடுத்துக்கொண்டு போய் வேலுச்சாமியிடம் கொடுத்தேன். "என்னை மன்னிச்சுக்கப்பா" என்றேன். "அய்யோ, என்னங்க சார்" என்று பதறி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

7. ஃபைனல்

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மைதானத்தில். எதிர் டீம் டவுன் காலேஜ். போன இரண்டு வருஷமும் எங்களை அடித்தவர்கள்.

வார்ம் அப் செய்யும்போதுதான் முறை நாட்களை எண்ணிப் பார்த்தேன். வேலுச்சாமியைக் கூப்பிட்டேன்.

"வேலு, இன்னைக்கு உங்க வீட்டு முறைல்ல?"

"ஆமாங்க சார்."

"பின்ன?"

"ஆளு நிக்குதுங்க." பூட்ஸ் லேஸை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.

கூட்டத்தில் தண்டபாணியைத் தேடினேன். காணோம். ஆட முடியாது என்றால் பார்க்கக்கூட வரமாட்டானா, மறுபடியும் சினிமாவுக்குப் போய்விட்டானா என்று எரிச்சல் வந்தது. ரங்கசாமி கடையைப் பூட்டிவிட்டு வந்து டச் லைனில் நின்று, "தண்டபாணி இல்லாம எப்படீங்க?" என்று என் காதிலேயே புலம்பிக்கொண்டிருந்தார்.

எப்படி என்று அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் பார்த்தார். அவர்களுடைய லெஃப்ட் விங் வேகமான பையன். மூன்று தடவை ஏறி வந்தான். மூன்று தடவையும் அவன் திரும்புகிற இடத்தில் வேலுச்சாமி ஏற்கெனவே நின்றிருந்தான். நான்காவது தடவை அந்தப் பையன் ஏறவே இல்லை. இரண்டாவது பாதியில் காற்று எங்களுக்கு எதிர். பந்தை மேலே தூக்கினால் திரும்பி வரும். வேலுச்சாமி தூக்கவில்லை. தரையோடு உருட்டி, இரண்டு பேருக்கு நடுவே ஒரு பந்தை விட்டான். தண்டபாணிக்குப் பதில் இறங்கிய செகண்ட் லெவன் பையன் அதை உதைக்கப் போய், கால் தவறி, முழங்காலில் பட்டு உள்ளே போயிற்று. அழகான கோல் இல்லை. ஆனால் ஜெயித்தது அந்தக் கோல்தான். ஒன்று பூஜ்யம்.

விசில் ஊதியதும் ரங்கசாமி என்னைக் கட்டிப்பிடித்தார். "நான் அப்பவே சொன்னனுங்களே, அந்த ரைட் ஹாஃப் பையன்!" என்றார். மனுஷன் வாய் கூசாமல் சொன்னார்.

கப்பு கொடுக்கும்போது வேலுச்சாமி இல்லை. ஜெர்ஸியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். பொழுது இன்னும் இறங்கவில்லை. கால்வாய்க் கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கினேன்.

வேலுச்சாமியின் வயலில், மடைக்குப் பக்கத்தில், தண்டபாணி நின்றுகொண்டிருந்தான். முழங்கால் வரை சேறு, சீவிய தலையில் சேறு, கையில் மண்வெட்டி. உள்ளங்கை இரண்டும் கொப்புளம். காலை ஆறு மணியிலிருந்து நின்றிருக்கிறான். மேல் வயல்காரன் மத்தியானம் வாய்க்காலை வெட்ட வந்தானாம். இவன் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே போய் நின்றதும் திரும்பிப் போய்விட்டானாம். வேலுச்சாமி வரப்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் தண்டபாணி கேட்டான்: "சார், கோலு யாரு போட்டது? இவன் சொல்ல மாட்டேங்கறான், சிரிக்கறான்."

"செகண்ட் லெவன் பையன். முழங்கால்ல."

"மொழங்கால்லயா?" தலையில் அடித்துக்கொண்டான். சேறு இன்னும் கொஞ்சம் அப்பியது. "நான் இருந்திருந்தா தலையில போட்டிருப்பனுங்க சார்."

"போட்டிருப்ப" என்றேன். உண்மையும் அதுதான்.

அவன் வயலைக் காட்டினான். "பாருங்க சார். கடைசி வயல் வரைக்கும் பாஞ்சிருச்சு. ஒரு பாத்திகூடக் காயலை."

அந்த வருஷம் இரண்டு பேரும் பரீட்சை எழுதினார்கள். தண்டபாணி கடைசி வரை ஒரு பீரியட் விடவில்லை. இரண்டு வீட்டு முறைக்கும் கவுண்டரே முட்டி வலியோடு போய் நின்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் அதே மைதானத்தில் வேலை பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் ஃபைனலுக்கு முன்னால் யாராவது அதே வாதத்தைக் கிளப்புவார்கள்: யார் இல்லாவிட்டால் டீம் இல்லை? நான் வாதத்துக்குப் போவதில்லை. ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு, 'ஏ' போட்ட பையனைத் தேடிப் போய், அன்றைக்கு எங்கே நின்றிருந்தான், யாருக்காக நின்றிருந்தான் என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள். அந்த ஃபைனலின் டீம் ஷீட் இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினோரு பெயர்களும் என் கையெழுத்தில் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, யுனிவர்சிட்டிக்குக் காட்டாத பிரதியில், பன்னிரண்டாவதாக ஒரு பெயரை அன்று மாலை எழுதி வைத்தேன்: தண்டபாணி, மடையில்.